சிந்தனை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வர இயலாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிய இருவருக்கும் வணக்கம்.

ஆண்டில் 12 மாதக் கூட்டங்களும் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. ஒருமுறை குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இல்லாமல் கலைந்தது. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது. யுனெஸ்கோ 2002 முதல் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையில் நடத்திவரும் உலகத் தத்துவ நாள் நம் வட்டத்திலும் அனுசரிக்கப்பட்டது. வியாழக்கிழமை ஆனதால் வரமுடியவில்லை என்று பலர் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களிலும் அவர்கள் கையெழுத்து இல்லை என்பதை வருகைப் பதிவேட்டில் காணலாம்.

இனி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட விஷயம்: கூட்ட முறையை மாற்றியது. செயற்குழுவின் ஒப்புதலோடுதான் மாற்றினேன். நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன. அதுவரை நம் கூட்டம் என்றால் முக்கால் மணி நேரச் சொற்பொழிவு, பத்து நிமிடம் கேள்வி, நன்றியுரை. கேள்வி கேட்க எழுந்தவர் பெரும்பாலும் இரண்டாவது சொற்பொழிவை ஆற்றிவிட்டு உட்காருவார். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லியோனார்ட் நெல்சன் 1922இல் கோட்டிங்கனில் ஆற்றிய உரையில் விளக்கிய சாக்ரடீஸ் முறை உரையாடலை, அவர் மாணவர் குஸ்தாவ் ஹெக்மன் பின்னாளில் சேர்த்த விதிகளோடு எடுத்துக்கொண்டோம். "தத்துவம் கேட்க வந்தோம், அக்கம்பக்கத்து வம்பைப் பேசச் சொல்கிறார் செயலாளர்" என்று ஒரு குறை எழுந்தது. அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

நாங்கள் கையாளும் முறை இது: ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர். இரண்டு மணி நேரம், ஒரே ஒரு கேள்வி. கேள்விக்கான எடுத்துக்காட்டைக் குழுவில் ஒருவர் தம் அனுபவத்திலிருந்தே தரவேண்டும். "இப்படி நடந்தால்" என்று தொடங்குவது செல்லாது. விஷயம் சிறியதாக இருக்கவேண்டும், முடிந்துபோனதாக இருக்கவேண்டும், சொல்பவருக்கு அதன்மீது சூடு ஆறியிருக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாவிட்டால் அது பெரிய எடுத்துக்காட்டு, வேறொன்று தேடவேண்டும். சொன்னதைக் கரும்பலகையில் எழுதியபின், கேள்விக்கான விடை எந்த வரியில் இருக்கிறது என்று சேர்ந்து தேடி, அந்த வரிக்கு அடிக்கோடு போடுகிறோம். அதன்மேல் ஒரு தீர்ப்பு, தீர்ப்புக்குக் காரணம், காரணத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் விதி என்று படிப்படியாக இறங்குகிறோம். புத்தகத்தையோ பெரியோரையோ துணைக்கு அழைக்கக் கூடாது. பேச்சை நடத்தும் நெறியாளர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது.

"பொய் எது?" என்ற கூட்டத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டு இது: உடன் வேலை செய்பவர் இரவில் அனுப்பிய செய்தி போன் திரையின் மேல் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. முதல் வரி தெரிந்தது. திறக்கவில்லை. காலையில் அவர் கேட்டபோது, "பார்க்கவில்லையே" என்று பதில்.

திறக்காததால் பொய் ஆகாது என்று பாதிப்பேர் தொடங்கினார்கள். பலகையில் "திறக்கவில்லை", "பார்க்கவில்லை" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். திறக்கவில்லை என்பது உண்மைதானே, அதையே சொல்லியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. "அப்படிச் சொன்னால், ஏன் திறக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும்" என்றார் எடுத்துக்காட்டைத் தந்தவரே. அந்த அடுத்த கேள்வியை அடைப்பதற்காகத் தேர்ந்த சொல் அது என்பது அப்போதுதான் தெரிந்தது. பொய்யின் இருப்பிடம் கேட்பவரை எதை நம்பவைக்க நினைத்தோம் என்பதில் இருக்கிறது என்று பலகையில் ஏறியது. ஏமாற்றும் நோக்கத்தைப் பொய்க்கு அடையாளமாகப் பழைய கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் வைத்தார். அவர் பெயரைக் கேட்காமலே நாற்பது நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்திருந்தோம்.

இந்த இடத்தில் ஒருவர் "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று குறளை எடுத்து வீசினார். விதிப்படி அதை அவர் சொந்தச் சொல்லில் சொல்லவேண்டியிருந்தது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்றார். இங்கே அந்த நன்மை யாருக்குப் போனது? "பார்க்கவில்லையே" என்றவருக்கு மட்டும். குறள் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. மேற்கோள் பேச்சை முடித்துவைக்கும் வழக்கம் நம் வட்டத்தில் நெடுநாளாக உண்டு. விளக்கினால் அதுவே பேச்சைத் தொடங்கிவைக்கும். பிறகு, இரவில் வேலைச் செய்தி அனுப்ப அந்த உடன் வேலை செய்பவருக்கு என்ன உரிமை என்று ஒரு மறுப்பு வந்தது. ஒளிந்திருக்கும் நண்பர் எங்கே என்று கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் எழுதிய அளவுக்குப் போக ஒருவரும் தயாராக இல்லை. மறைப்பது வேறு, தவறாக நம்பவைப்பது வேறு என்ற வரியோடு நேரம் முடிந்தது. "பார்த்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் மறைக்கவேண்டியதும் இருந்திருக்காது. இதைத்தான் வம்பு என்கிறார்கள்.

எல்லாக் கூட்டமும் இப்படி அமையவில்லை. "நீதி என்றால் என்ன?" என்று வைத்த கூட்டத்தில் எடுத்துக்காட்டே கிடைக்காமல் மறுபடி சொற்பொழிவுக்குத் திரும்பினோம். இன்னொன்றில் தீராத குடும்பத் தகராறை எடுத்துக்கொண்டதால் அது பஞ்சாயத்து ஆகிவிட்டது. ஆளுக்கு ஓர் அறிவுரை. மூன்றாவது, கட்டுப்பாடு இழந்த டிராம் வண்டியை ஐந்து பேர் இருக்கும் தண்டவாளத்தில் விடுவதா, ஒருவர் இருக்கும் தண்டவாளத்தில் திருப்புவதா என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபுட் 1967இல் எழுப்பிய புதிர். அதில் எல்லாரும் வீரர்கள். ஏனென்றால் அந்த வண்டி யார் கையிலும் இல்லை. கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியை நெறியாளரே இருமுறை மீறினார் என்று எழுத்துமூலம் புகார் வந்திருக்கிறது. நெறியாளர் நான்தான். ஒருமுறை என்பது சரி.

அடுத்து, இரவு நோட்டுத் திட்டம். கோபத்தைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், விளக்கை எடுத்துப்போனபின் அன்றைய நாள் முழுவதையும் தனக்குத் தானே விசாரிப்பதாகப் பழைய ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா எழுதுகிறார். அதை நாம் ஐந்து கோடாக்கினோம். முதல் கோட்டில் அன்று நடந்த ஒன்று. "மோசமாக நடந்துகொண்டேன்" என்று எழுதினால் அது தீர்ப்பு. "அவர் முடிக்கும் முன் குறுக்கே பேசினேன்" என்றால்தான் நடந்தது. இரண்டில், அந்த நேரத்தில் எதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன் என்பது. மூன்றில், எது என் கையில் இருந்தது, எது இல்லை. செனெகாவைப் போலவே ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த எபிக்டெட்டஸின் கையேடு தொடங்குவதே இந்தப் பிரிவினையில்தான். நான்கில், அதே நிலைமை நாளை வந்தால் முதலில் செய்யப்போவது. ஐந்தாம் கோடு காலியாக இருக்கும். ஏழாம் நாள் திரும்பப் படிக்கும்போது எழுத. பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் மூடிவிடவேண்டும். விட்டுப்போன நாளைப் பிறகு நிரப்பக் கூடாது.

கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். "ஏன் எனக்கு மட்டும் இப்படி?" என்று எழுதினால் மனம் அங்கேயே செக்குமாடாகச் சுற்றும், "எந்தச் சொல்லுக்குப் பிறகு குரல் உயர்ந்தது?" என்றால் விடை கிடைக்கும். சிலர் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறார்கள். செனெகாவோ, இனிச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன் என்று தன்னிடம் சொல்லிவிட்டுத் தூங்கப்போகிறார். வேறு சிலர் நோட்டில் அடுத்தவர் குற்றம் மட்டுமே இருப்பதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உறக்கமே கெடும் அளவு மனச்சோர்வு இருப்பவர் நோட்டை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். இதை முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறோம்.

நோட்டு அச்சிட்டது வீண்செலவு என்கிறார்கள். சாதாரண நோட்டில் எழுதத் தொடங்கினால் கை நிற்காது. பக்கத்துக்கு ஐந்தே கோடு, ஏழு பக்கத்துக்கு ஒரு கெட்டி அட்டை என்ற அமைப்புக்காகத்தான் அச்சகம் போனோம். பாதிக்கு மேல் அலமாரியில் இருப்பது உண்மை. அலமாரிப் பூட்டின் சாவி என்னிடம் இருக்கிறது, கேட்டவர்தான் இல்லை.

சந்தா. கொடுத்த வாக்கு எதுவரை கட்டுப்படுத்தும் என்ற கூட்டம் ஆண்டிலேயே சூடாக நடந்தது. எழுதித் தராத வாக்குகூடக் கட்டுப்படுத்தும் என்று அன்று உறுதியாக வாதிட்டவர்களில் மூவர் எழுதித் தந்த படிவத்தின்படி செலுத்தவேண்டிய சந்தாவை இரண்டாம் ஆண்டாகச் செலுத்தவில்லை. வராதவர்களின் நிலுவையைப் பற்றி என்ன சொல்ல! கூட்டத்துக்கு வராததால் சந்தா இல்லை என்று ஒருவர் வாதம் வைத்தார். நல்ல வாதம், கூட்டத்துக்கு வந்து வைத்திருக்கலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. துண்டு விழுந்த சிறு தொகை முந்தைய இருப்பிலிருந்து சரிசெய்யப்பட்டது. வவுச்சர்கள் சில பொருளாளரிடமும் சில என்னிடமும் இருப்பதால் தணிக்கை முடியவில்லை, விரைவில் முடியும்.

தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், நாற்காலிகளை எடுத்துப் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டு நெறியாளர்கள் தேவை. ஒருவர் பேச்சை நடத்தும்போது இன்னொருவர் பலகையில் எழுதவேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால், தனக்குப் பிடித்த வரிகளை மட்டும் எழுதிவிடுவார். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதே வரியை சென்ற ஆண்டும் எழுதியிருந்தேன். நிலுவைப் பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை. பட்டியல் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பதிவேடு வாசல் பக்க மேசைமேல், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்