இரண்டாம் பருவ முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. அரையாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது; கபடியில் நம் அணி கோப்பையோடு வந்தது. எல்லாருக்கும் பாராட்டுகள். ரேங்க் கார்டு திங்கட்கிழமை கைக்கு வரும்.

அப்புறம், அறிவியல் கண்காட்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கோரிப்பாளையம் பக்கம் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், தாம் பாதுகாத்த பழைய பல் சீரமைப்புக் கருவிகளை நம்மை நம்பி மூன்று நாள் கொடுத்தார். சீக்கிரமே ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டிய பொருட்கள் அவை.

இன்று நம் பிள்ளைகள் பலர் கிளிப் போட்டிருக்கிறார்கள். அது பல்லின் மேல் ஒட்டுகிற வேலை. பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் அமிலம் தடவினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் 1955-இல் காட்டிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் மெல்லிய உலோகப் பட்டையை அளவெடுத்து வளைத்து, மோதிரம் போல மாட்டினார்கள். கம்பியை வளைக்கப் பறவை அலகு மாதிரி முனையுள்ள குறடு. இன்னொரு அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1920-களில் கொண்டுவந்த செவ்வகப் பள்ளமும் அதில் உட்காரும் கம்பியும்தான் இன்றைய கிளிப்புக்கும் அடிப்படை. இதையெல்லாம் 7-ஆம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறவர்களுக்கு அழகாக விளக்கினார்கள்.

கடைசி நாள் மாலை எண்ணிப் பார்த்தபோது நான்கு பல் வளையங்களும், அண்ணத்தில் மாட்டும் பிளேட்டின் திருகைச் சுற்றுகிற குட்டிச் சாவியும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் மேசையில் பரப்பியது எங்கள் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

"இத்தனூண்டு தகரத்துக்கா சார் இவ்வளவு?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். அந்த வளையங்கள் யாரோ ஒரு குழந்தையின் பல்லுக்கென்றே கையால் செய்தவை. அதே குழந்தையின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் எடுத்த அச்சு அதே எண்ணோடு பெட்டியில் இருக்கிறது. வளையம் போனால் அச்சு பேசாது. சாவியும் அப்படித்தான்: கால் சுற்றுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் என்று மேல்தாடையை விரித்த கதையை அதைக் கையில் வைத்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல்லை இழுத்துப் பிடிக்கத் தலையைச் சுற்றி மாட்டும் பழைய பட்டையைப் பெரியவர்களே எடுத்துக் குழந்தைக்கு மாட்டிப் படம் பிடித்திருக்கிறார்கள். நைந்துபோன ரப்பர் வார் அறுந்துவிட்டது. கம்பி வளைக்கும் அந்தக் குறட்டை எடுத்து நண்பனின் வாய்க்குள் விட்டுப் பார்த்த மாணவனும் உண்டு. துருவேறிய கூர்முனை அது. "தொடாதீர்கள்" என்று எழுதிய பலகைக்கு முன்னால் இப்படி நடந்ததை என்னால் ஏற்க முடியாது. நம் மதுரை காந்தி மியூசியத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த அந்த ரத்தக்கறைத் துணிக்கு முன்னால் இதே பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது எளிது. புத்தகப்பை, ஜாமெட்ரி பாக்ஸ், சட்டைப் பை எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். என் அறை வாசலில் மரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பிரேயருக்குள் அதில் போட்டால் போதும். யார் என்று கேட்க மாட்டேன். பிள்ளையை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். ஆசைப்பட்டு எடுத்திருப்பான், அவ்வளவுதான்.

மூன்று நாளும் வேலையை விட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்ற பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அறுந்த வாரைத் தைத்துத் தருவதாகச் செல்லூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். தைக்காமல் அப்படியே வைப்பதுதான் முறை என்று டாக்டர் சொன்னதும், அதைச் சுற்றி வைக்கத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி கொண்டுவந்து கொடுத்தார். பட்டை இப்போது அந்தத் துணியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்