வெள்ளிக்காசு அனுப்பினவள்

கிர்க்வால், ஆர்க்னி தீவுகள், ஸ்காட்லாந்து
கார்த்திகை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் தம்பி கட்டி அனுப்பிய பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. காபித்தூள் கசியாமல் வந்திருக்கிறது, கறிவேப்பிலைப் பொடியும் நன்றாக இருக்கிறது. ஆடியில் போட்ட கடிதத்துக்கே பதில் காணோமே, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டிருக்கிறாய். உடம்பு நன்றாக இருக்கிறது. ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது, எழுத உட்கார்ந்தால் கண் சொருகுகிறது, அவ்வளவுதான். இன்றைக்கு லீவு. நீளமாக எழுதப் போகிறேன். தம்பியைச் சத்தமாக வாசிக்கச் சொல், ஆயா காதில் விழவேண்டிய சங்கதி நிறைய இருக்கிறது.

குளிர் எப்படி என்று அப்பா கேட்டிருந்தார். குளிரைத் தாங்கிக்கொள்ளலாம் அப்பா, பனி கொட்டுவதுகூடக் கொஞ்சம்தான். காற்றுதான் பொல்லாதது. மரம் நிற்பதே அபூர்வம். சில்வர் ஓக்கும் பலாவும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வந்த புதிதில் ஊரே மொட்டையாகத் தெரிந்தது. காற்று ஏறினால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் கடையில் காய்கறி தீர்ந்துவிடும். இப்போது காலையில் எட்டே முக்காலுக்கு விடிகிறது, மத்தியானம் மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. சுமார் 70 தீவுகள் இருக்கின்றன, ஆள் குடியிருப்பது 20 தீவுகள் போலத்தான். எல்லாம் சேர்த்து 22,000 பேர் இருப்பார்கள். ஆத்தூர் டவுன் ஜனத்தொகை இதைவிட அதிகம்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இங்கே 'பேர்' (bere) என்று பழங்கால பார்லி ஒன்று விளைகிறது. பர்சே என்ற ஊரில் 1873-இல் கட்டிய ஆலையில், தண்ணீர்ச் சக்கரம் சுற்றித்தான் இன்னமும் அரைக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் அந்த மாவில் தடித்த ரொட்டி சுடுகிறார்கள். நான் ராகிக்குக் கிண்டுவதுபோல் களி கிண்டினேன். கட்டி தட்டாமல் வந்தது. நீ அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன், வெண்ணெய் வைத்துச் சாப்பிட்டார்.

அந்தம்மாவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். எண்பது தாண்டியிருக்கும், தனியாக இருக்கிறார். எப்பேர்ப்பட்ட காற்றானாலும் தினமும் கடற்கரைக்குப் போவார். பாறைமேல் கடல்நாய்கள் படுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அவை கரையேறிக் குட்டி போடும், குட்டிகள் வெள்ளை ரோமத்தோடு இருக்கும். இவர் தள்ளி நின்று மெதுவாகப் பாடுவார். தண்ணீரில் இருக்கிறதுகள் தலையைத் தூக்கிக் கேட்கும். முதல் நாள் பார்த்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடல்நாயைக் கல்லால் அடிக்கிற பையன்களை இவர் விடமாட்டார். அதில் எது வெறும் கடல்நாய், எது தோல் போர்த்திய மனுஷி என்று யாருக்குத் தெரியும் என்பார். செல்க்கி என்கிறார்கள். கரையில் தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர்களாக ஆடுவார்களாம். வடக்கே நார்த் ரொனால்ட்சே தீவில் ஒருவன் தோலை ஒளித்துவைத்து அப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். ஏழு பிள்ளைகள் பிறந்தன. கடைசிப் பெண் கால்வலி என்று வீட்டில் தங்கிய நாளில், அப்பா இறவாரத்தில் எதையோ ஒளித்துவைத்ததைப் பார்த்தேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அம்மாக்காரி தோலை எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடினாள். நீ எனக்கு நல்லவனாகத்தான் இருந்தாய், ஆனாலும் என் கடல் புருஷன்மேல்தான் எனக்கு ஆசை என்று போகும்போது அவனிடம் சொன்னாளாம். இந்தக் கதையில் எல்லோரும் அந்தப் புருஷனுக்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

ஆயா, இது உனக்கு. இந்த ஊர்க் கடலுக்கும் ஒரு அம்மா உண்டு. கோடைக்காலக் கடல் அவளுடையது, மீனும் உயிர்களும் அவளால்தான் பெருகுகின்றன. தேரன் என்பவன் குளிர்காலத்துக்காரன். வசந்தம் பிறக்கும்போது இரண்டு பேருக்கும் பெரிய சண்டை நடக்கும், அவள் ஜெயித்து அவனைக் கடலடியில் கட்டிப்போடுவாள். கோடை முடிந்ததும் அவன் கட்டை அறுத்துக்கொண்டு வந்து அவளைத் துரத்திவிடுவான். மறு வசந்தம்வரை, மூழ்குகிறவர்களின் கூக்குரலைக் கேட்டபடி அவள் ஒதுங்கி இருக்கவேண்டும். இப்போது அந்தக் காலம்தான் நடக்கிறது. ராத்திரி காற்று கூரையைப் பிடித்து உலுக்கும்போது, தேரன் எழுந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டம்மா சாதாரணமாகச் சொல்கிறார்.

நக்கிலாவி என்று இன்னொன்று. பாதி குதிரை, முதுகில் ஒட்டிப் பிறந்த மனித உடல், மேலே தோலே கிடையாது, சதையும் நரம்பும் அப்படியே தெரியும். அதன் மூச்சுப் பட்டால் பயிர் கருகும், மாடு கன்று சாகும். 1722-இல் ஸ்ட்ரான்சே தீவில் கடற்பாசியை எரித்துச் சோடா சாம்பல் எடுக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கும் சோப்புக்கும் அந்தச் சாம்பல் வேண்டும். அந்தப் புகையில் நக்கிலாவிக்கு வெறி பிடித்து, குதிரைகளுக்குக் கொள்ளை நோயைப் பரப்பியது என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் நல்ல தண்ணீர் என்றால் அதற்குப் பயம். மழை பெய்தால் வராது, ஓடையைத் தாண்டாது. ஒருவன் அதனிடமிருந்து ஓடித் தப்பியதே ஏரித் தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டித்தான். அதைக் கேட்டவுடன் நம் மேல்காட்டு ஊற்றும் கன்னிமார் கல்லும்தான் என் கண்முன் வந்தன ஆயா. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே, கொலுசுச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே என்று எங்களை அடக்கி வைத்தாயே. அந்த ஏழு பேரும் காவல் இருக்கிற தண்ணீர்ப் பக்கம் இது எட்டிக்கூடப் பார்க்காது.

கொலுசு என்றதும் ஞாபகம் வருகிறது. செவ்வாய்ப்பேட்டை மாமா பட்டறையில் அடித்துக் கொடுத்த கொலுசைத்தான் இன்னமும் போட்டிருக்கிறேன், காலுறைக்குள்ளே. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, இதோடு தனியாகப் படகு ஏறாதே என்றார். கடலுக்கடியில் ஃபின்ஃபோக் என்று ஒரு ஜனம் இருக்கிறார்களாம். அந்த ஆண்கள் படகு விட்டால் ஏழு துடுப்பு வீச்சில் நார்வே போய்விடுவார்கள். தங்கள் இடத்தில் மீன் பிடிக்க வருகிறவர்களைக் கண்டால் ஆகாது, தூண்டில் கயிற்றை அறுப்பார்கள், படகில் ஓட்டை போடுவார்கள். வெள்ளி என்றால் மட்டும் உயிர். துரத்தி வந்தால் ஒரு வெள்ளிக்காசைத் தண்ணீரில் வீசவேண்டும், அதன் பின்னால் போய்விடுவார்கள். மாமாவிடம் சொல், அவர் பட்டறை இந்தக் கடற்கரையில் இருந்தால் ஒருநாள் தாங்காது.

அந்த ஃபின்ஃபோக் வீட்டுப் பெண்கள்தான் கடல்கன்னிகள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது பார் அம்மா. கரை மனிதனைக் கட்டினால் அவள் அழகு அப்படியே நிற்கும். தன் இனத்தானைக் கட்டினால் ஏழேழு வருஷத்துக்கு ஒருமுறை அழகு குறைந்துகொண்டே போய்க் கடைசியில் கிழவியாகிவிடுவாள். அதற்குப் பிறகு புருஷன் அவளைக் கரைக்கு அனுப்புவான், சம்பாதிக்க. அவள் ஊருக்குள் ஒரு குடிசை பார்த்துக்கொண்டு நூல் நூற்பாள், பின்னுவாள், மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் வந்த நோயைத் தீர்ப்பாள். கிடைத்த வெள்ளிக்காசையெல்லாம் கடலுக்கடியில் உள்ள வீட்டுக்கு அனுப்பவேண்டும். ஒரு கறுப்புப் பூனை வைத்திருப்பாள், அது மீனாக மாறி வீட்டுக்குச் சேதி கொண்டுபோகும். காசு குறைந்தால் புருஷன் வந்து அடிப்பான்.

இதை அந்தம்மா சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் நூலகத்துக்குப் போனேன். 1683-இல் தொடங்கிய நூலகம் இது, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. சாண்டே தீவுக்காரர் வால்டர் ட்ரெயில் டென்னிசன், 1825-இல் பிறந்தவர், கிழவர் கிழவிகள் வாயால் கேட்டு எழுதி வைத்ததில் இவளும் இருக்கிறாள். ஊரார் அவளைச் சூனியக்காரி என்று பார்த்தார்கள். தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்த்தவளை, ராத்திரியெல்லாம் கண்விழித்து ராட்டை சுற்றினவளை. அவள் வீடு எப்படி இருந்தது, அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை அம்மா. தோலை எடுத்துக்கொண்டு ஓடினவளுக்குப் பாட்டும் கதையும் எத்தனையோ இருக்கின்றன. ஓடாமல் இருந்து உழைத்து அனுப்பினவளுக்குக் கிடைத்தது அந்தப் பூனை ஒன்றுதான். நம் ஊரில் என்றால் அவளுக்கு ஒரு கல்லாவது நட்டு மஞ்சள் பூசியிருப்பார்கள்.

நீ உடனே வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. என்னை இங்கே எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற பெரியவர்கள் என் கையால் சாப்பிட்டால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறார்கள். இந்த மாதம் அனுப்பினது குறைவு என்று நீயே கவனித்திருப்பாய். குளிர்காலத்தில் ஹீட்டருக்குக் கரண்ட் கட்டணம் கூடிவிடும், தை பிறந்தால் சரியாகிவிடும். ஏஜெண்டு பாக்கியைப் பற்றி அப்பாவிடம் பேசவேண்டாம், அது என் பொறுப்பு.

காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை, நீயும் அக்காவுமே பறிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். களத்தில் பழம் காய்கிற புளித்த வாசனை, சாக்குக்கு மேலே உட்கார்ந்து நீ காபி ஆற்றுவது, சாயங்காலம் மேகம் இறங்கி நாகலூர் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்பது. அம்மா, எனக்கு வரவேண்டும் போல இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஜன்னலில் ரெண்டு அகல் ஏற்றினேன். காற்றுக்குக் கண்ணாடியைத் திறக்க முடியாது, அதனால் உள்பக்கமாகவே வைத்தேன். பக்கத்து வீட்டம்மா வந்து எதற்கு என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். சரி, போதும் இது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மேல்காட்டைப் பாகம் பிரிக்கப் பெரியப்பா ஆள் அனுப்பினாராம். பிரிக்கட்டும், தகராறு வேண்டாம். ஆனால் வாய்ப்பேச்சில் வேலி போட விடாதே. கூட்டுப் பட்டாவில் இருக்கிற நிலம். சர்வேயரை வைத்து அளந்து, பாகப்பிரிவினையைப் பத்திரமாகப் பதியவேண்டும், அப்புறம் தனிப் பட்டாவுக்கு மனுப் போடலாம். நகலை எனக்கு அனுப்பாமல் அப்பா எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. ஊற்று யார் பாகத்தில் விழுந்தாலும் இரண்டு வீட்டுக்கும் பாதையும் தண்ணீரும் பொது என்று பத்திரத்திலேயே எழுதச் சொல். கன்னிமாருக்குப் பொங்கல் வைக்க நாம் யார் வாசலிலும் போய் நிற்கக்கூடாது. பெரியம்மா இதற்கு ஒத்துக்கொள்வார், அவரிடம் முதலில் பேசு.

மிளகுக் கொடியை இப்போதே குத்தகைக்கு விடாதே. அந்த வியாபாரி முன்பணம் காட்டி மயக்குவான். மாசி வரை பொறுத்தால் நாமே பறித்துக் காயவைத்து விற்கலாம். அக்கா வளைகாப்புக்கு என்னால் வர முடியாது, சீர்த்தட்டு எதையும் குறைக்காதே. தம்பி கல்லூரியை விட்டுவிட்டு வெளிநாடு போகிறேன் என்கிறானாம். கையில் இந்தக் கடிதம் இருக்கும்போதே அவனுக்குச் சொல்கிறேன்: கடைசி வருஷத்தை முடி, மற்றதை அப்புறம் பேசலாம்.

நகைக் கடன் தவணை மார்கழியில் முடிகிறது. திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைத்துவிடு. வட்டிப் பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். ஆயா கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப் போடாதே, சேலத்தில் டாக்டர் சொன்ன தேதிக்கே கூட்டிக்கொண்டு போ, பஸ்ஸில் வேண்டாம், அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கு ஆயாவுக்கு வாந்தி வரும், கார் வைத்துக்கொள்.

உன் சின்னவள்