படிப்பு முடிந்தது, நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள்

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். சென்னை லயோலா கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து ஏர்வாடிக்கு வந்து சேர்ந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். தனித்தனியாகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உம்மா. ஓலைப்பெட்டி முடைந்த காசில்தான் என் செமஸ்டர் கட்டணம் போனது. ஓலை கீறிக் கீறி உம்மாவின் கட்டைவிரல் ஓரம் எப்போதும் வெடித்தே இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த பெட்டியை எடுத்துவிடுவார்.

"பாதிரிமார் காலேஜுக்கா பிள்ளையை அனுப்புறீங்க?" என்று சொந்தத்தில் சிலர் கேட்டபோது வாப்பா, "ஓரியூர் கோயிலுக்கு நாம போனதில்லையா?" என்றதோடு பேச்சை முடித்துவிட்டார். அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் புனிதர், 1693இல் ஓரியூரில் உயிர்விட்ட அருளானந்தரும் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபைக்காரர், 1925இல் லயோலாவைத் தொடங்கியதும் அதே சபையார்தான் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

நுங்கம்பாக்கம் விடுதியின் சமையல் அக்கா, நோன்பு மாதம் முழுக்க முந்தின ராத்திரியே சோறும் குழம்பும் தூக்குவாளியில் எடுத்து வைத்து, மூடியில் 'சஹருக்கு, தொடாதே' என்று சீட்டு ஒட்டிவிடுவார். நாகர்கோவில்காரியான என் அறைத்தோழி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், விடியுமுன் நோன்பு வைக்கச் சாப்பிடும் அந்தச் சஹர் நேரத்துக்கு எனக்காக அலாரம் வைத்து எழுந்து அதைச் சூடாக்கித் தருவாள். உங்கள் இரண்டு பேருக்கும் நான் என்ன செய்தாலும் தகாது.

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அறிக்கையை நீட்டினால் எங்கள் மேடம் கேட்கும் முதல் கேள்வி, "நீ என்ன செஞ்சேங்கிறது இருக்கட்டும், அவங்க என்ன கேட்டாங்க?" என்பதுதான். வகுப்பில் நான் படித்ததையெல்லாம்விட இந்த ஒரு கேள்விக்குத்தான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன், மேடம்.

மனநலம் சரியில்லாதவர்களைக் குணம் தேடி நம் ஊர் தர்ஹாவுக்குக் கூட்டி வருவார்கள். 2001 ஆகஸ்ட் 6இல் இங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. வளர்ந்தபோது வெளியூரில் எங்கே போனாலும் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அதைத்தான் கேட்டார்கள். இந்தப் படிப்பை எடுத்ததற்கே அதுதான் காரணம். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்துவிட்டது, சரி, ஆனால் மகனைக் கூட்டிக்கொண்டு தர்ஹா வாசலில் வந்து உட்காரும் தாய்க்கு அடுத்து எங்கே போவது என்று யார் சொல்வது?

அப்படி ஒரு அம்மா, ஆய்வுக்காக நான் பேசப் போனபோது, மகனுக்கு வாங்கிய டீயில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி முதலில் என் கையில் கொடுத்துவிட்டு, "மாத்திரையும் போடுறோம், துஆவும் கேக்குறோம்மா, ரெண்டுல ஒண்ணை விடச் சொல்லாதே" என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒன்றை விடச் சொல்கிற இடத்துக்கு அந்தக் குடும்பம் திரும்ப வராது. முன்பின் தெரியாத என்னிடம் மனம் திறந்து பேசிய அத்தனை குடும்பங்களுக்கும் என் நன்றி, யாராவது இதைப் படித்துக் காட்டினால் நல்லது.

அப்புறம் ஒரு விஷயம். இனி வியாழன் சாயங்காலம் வாப்பாவின் டீக்கடையில் இருப்பேன். மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அரசு மருத்துவமனைக்குக் கூட வர ஆள் வேண்டும் என்றால் வாங்க, காசு எதுவும் வேண்டாம். ஆதாரும் பழைய மருந்துச் சீட்டும் மறக்காமல் எடுத்து வாங்க.