உன் புருவத்துக் காயத்துக்கு ஒரு பெயர்

அன்புள்ள எழிலனுக்கு,

காயம் இப்போது எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். நினைக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்குப் போனில், "யாரோ ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று கத்திவிட்டேன். நீ பதிலே பேசவில்லை. "சரிம்மா, தூக்கம் வருது" என்று வைத்துவிட்டாய். டொராண்டோவில் அப்போது மணி எட்டுகூட ஆகியிருக்காது. நான்கு நாளாக அந்த "சரிம்மா" காதிலேயே இருக்கிறது. மறுபடி போனில் பேசினால் எனக்கு மறுபடி பயம்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் பாதியை நாளைக்கு வைத்துக்கொள்.

புதன்கிழமை தோறும் இங்கே எடின்பரோ நூலகத்தில் பழைய கையெழுத்து வாசிக்கும் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த ஸ்காட்லாந்து ஊர்களில் ஸ்காட் மொழியில் எழுதிவைத்த நீதிமன்றக் குறிப்புகளின் நகலைக் கையில் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வார்கள். இந்த வாரம் வந்த தாளில் ஒரு சொல்லில் நான் சிக்கிக்கொண்டேன். முதலில் ட மாதிரி ஒரு ஒலி, அப்புறம் ஊ, ல. அதற்கடுத்து நம் எண் 3-ஐப் போல வளைந்து, வால் கீழே இறங்கிய ஓர் எழுத்து. நான் அதை இசட் என்று வாசித்தேன். சொல்லித் தருகிறவர் தலையை ஆட்டி, "அது இசட் இல்லை, யோக் என்கிற பழைய எழுத்து. இந்தச் சொல்லில் ய மாதிரி ஒலிக்கும்" என்றார். ஆக, சொல் டூல்யீ.

அச்சு வந்தபோது அந்த எழுத்துக்குத் தனி அச்சு இல்லாமல், வடிவம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று இசட்டைப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த நாட்டில் ஒரு குடும்பப் பெயரை மென்சிஸ் என்று எழுதிவிட்டு மிங்கிஸ் என்கிறார்கள். டால்சீல் என்று எழுத்துக் கூட்டினால் அது டீயெல். உன்னை எட்டு வயதில் கூட்டிக்கொண்டு போனோமே, கடலோரக் கோட்டை, கலேன். அதன் எழுத்திலும் நடுவில் இந்த இசட்தான் இருக்கிறது. உன் பெயரில் இருக்கும் ழ-வுக்கும் இதுதானே நேர்ந்தது? அதை இசட், எச் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பள்ளியில் எல்லோரும் உன்னை எஸிலன் என்று கூப்பிட, நீ அழுதுகொண்டு வந்தாய். இந்த ஊர்க்காரர்களின் சொந்தப் பெயர்களுக்குள்ளேயே அதே கதை இருந்திருக்கிறது. அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால் உனக்குச் சொல்லியிருப்பேன்.

டூல்யீ என்றால் சண்டை. படையோடு படை மோதுகிற போர் இல்லை. தெருவில், சந்தையில், சாராயக் கடை வாசலில் திடீரென்று மூண்டு, யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாமல் உருளுகிற சண்டை. நகரக் குறிப்பேடுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. இன்னார் இன்னாரோடு டூல்யீ செய்தார், அபராதம் இவ்வளவு. ரத்தம் வந்துவிட்டால் அதற்கென்று ஒரு தனிக் குற்றப் பெயர், ப்ளட்வைட். வாய்ச்சண்டைக்கும் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் எல்லை பற்றி இரண்டு பாதிரியார்கள் மோதிக்கொண்டபோது, இந்த நாட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அதைப் பற்றி எழுதிய நையாண்டிப் பாட்டுக்குப் 'புனித டூல்யீ' என்று ஒரு பெயர் உண்டு. எப்போதும் வம்புக்கு நிற்கிறவனுக்கு டூல்யீசம் என்று ஒரு அடைமொழி. சண்டைக்குப் போகும் நாய் நொண்டிக்கொண்டுதான் வீடு வரும் என்று இவர்களுக்கு ஒரு பழமொழியும் உண்டு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய பிரெஞ்சில் 'கிளறு, கலக்கு' என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லிலிருந்து. அதற்கும் முன்னால் லத்தீனில் ஒலிவப் பழத்தை நசுக்குகிற சிறிய ஆலைக்கு இருந்த பெயர். பாடுபட்டு உழைப்பதற்கு ஆங்கிலத்தில் டாய்ல் என்கிறார்களே, அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். எனக்கு உடனே நம் 'கைகலப்பு' நினைவுக்கு வந்தது. நாமும் அடிதடியைக் கலப்பு என்றுதானே சொல்கிறோம்? கையும் கையும் கலந்து, எது யாருடைய கை என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலை. நீ உள்ளே புகுந்ததும் அப்படி ஒன்றில்தான்.

இனி வருவதுதான் உனக்காக எழுத நினைத்தது. டூல்யீயைப் பிரித்துவிடுவதற்கும் இங்கே ஒரு சொல் இருக்கிறது: ரெட். கீழ்வீட்டுப் பாட்டி இந்தச் சொல்லை எப்போதும் சொல்வார், நினைவிருக்கிறதா? நான் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் நீ அவர் வீட்டில்தான் இருப்பாய். உன் பொம்மைக் கார்கள் தரையெல்லாம் கிடக்கும். "வா, ரெட் அப் பண்ணலாம்" என்று உன்னையும் குனியவைத்து எடுத்து வைப்பார். வீட்டை ஒழுங்கு செய்தால் ரெட். நிலத்தின் எல்லையைச் சரிபார்த்தால் ரெட். தலைமுடியில் சிக்கு எடுத்தாலும் ரெட், அதற்கான சீப்புக்கு ரெட்டிங் கேம் என்று பெயர். அடித்துக்கொள்கிறவர்களை விலக்கிவிட்டாலும் அதே ரெட்தான். கலந்து கிடப்பதைப் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பது என்ற ஒரே பொருள். அப்படி விலக்கப் போகிறவர் ரெடர்.

ரெடருக்கு விழும் அடிக்கு ரெட்டிங் ஸ்ட்ரெய்க் என்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், எழிலா. சண்டை போட்ட இரண்டு பேரும் வாங்கும் அடியை அப்படிச் சொல்ல மாட்டார்கள். நடுவில் வந்தவன் வாங்கும் அடிக்கு மட்டும் அந்தப் பெயர். கைகலப்பில் எல்லோரையும்விடப் பலமான அடி ரெடருக்குத்தான் என்று பழமொழியே இருக்கிறது. அதைக் கேட்டதும் உன் புருவம்தான் கண்முன் வந்தது. வகுப்பில் எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே இருந்தேன். அடிக்கடி நடக்காத ஒன்றுக்கு யார் தனிப்பெயர் வைப்பார்கள்? எத்தனை பேர் நடுவில் போய் நின்றிருந்தால், எத்தனை வீட்டில் யாரோ ஒரு அம்மா ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்திருந்தால், அந்த அடிக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் உனக்கு நேர்மையாக எழுதியது ஆகாது.

ராயல் மைல் சாலையில், லான்மார்க்கெட் பக்கம், ரிடில்ஸ் கோர்ட் என்று ஒரு பழைய முற்றம் இருக்கிறது. நாம் எத்தனை தடவை கடந்து போயிருப்போம். அது ஜான் மக்மோரன் என்ற பெரிய வியாபாரியின் வீடு. நகர நிர்வாகத்தில் பெய்லி, அதாவது நீதிபதி போன்ற பொறுப்பு. 1595 செப்டம்பரில் இங்குள்ள ஹை ஸ்கூல் பையன்கள், விடுமுறை கொடுக்கவில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு கதவை அடைத்துவிட்டார்கள். உள்ளே ஆயுதமும் இருந்தது. அடக்கி வெளியே கொண்டுவர மக்மோரன் ஆட்களோடு போனார். கதவை உடைக்கும்போது, வில்லியம் சின்க்ளேர் என்ற மாணவன் உள்ளிருந்து சுட்டான். குண்டு தலையில் பட்டு மக்மோரன் அங்கேயே இறந்துவிட்டார். பையன் செல்வாக்கான குடும்பம், பிறகு விடுதலையாகிவிட்டான். நேற்று அந்த முற்றத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கலகம் செய்தவர்கள் குழந்தைகள், அடக்கப் போனவர் காலையில் வீட்டிலிருந்து சாதாரணமாகக் கிளம்பிய ஒரு மனிதர். என் கால் நடுங்கியது. போனில் உன்னிடம் கத்தினேனே, அது இந்த நடுக்கம்தான். உன்மேல் கோபம் இல்லை.

இன்னொருவரும் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். 1520 ஏப்ரல் 30 அன்று இதே தெருவில் ஹாமில்டன், டக்ளஸ் என்ற இரண்டு பெரிய குடும்பத்துக்காரர்களும் வெட்டிக்கொண்டார்கள். ஊர் அதற்கு வைத்த பெயர், 'தெருவைத் துடைத்த நாள்'. காலையில் சண்டை தொடங்குவதற்கு முன்னால் அதை நிறுத்தப் போனவர் கேவின் டக்ளஸ். டன்கெல்ட் என்ற ஊரின் ஆயர், லத்தீன் காவியம் ஒன்றை முழுதாக ஸ்காட் மொழியில் கொண்டுவந்த கவிஞர். டக்ளஸ் தரப்புத் தலைவரோ அவருடைய அண்ணன் மகன். எதிர்த் தரப்பில் இருந்த பேராயர் பீட்டனிடம் போய், இதைத் தடுங்கள் என்று கேட்டார். பீட்டன் மார்பில் அடித்துக்கொண்டு, என் மனசாட்சியின் மேல் ஆணை, எனக்கு இதில் பங்கில்லை என்றாராம். அடித்த இடத்தில் அங்கிக்குள்ளே போட்டிருந்த கவசம் சத்தம் போட்டது. "ஐயா, உங்கள் மனசாட்சி கலகலக்கிறதே" என்று கேவின் டக்ளஸ் சொன்னதாகப் பழைய வரலாறுகளில் இருக்கிறது.

சண்டை நடந்தது, ஹாமில்டன்கள் தோற்றார்கள். அவர்கள் தலைவரும் மகனும் கரி சுமக்கிற குதிரை ஒன்றில் ஏறி, கோட்டைக்குக் கீழே இருந்த ஏரியைக் கடந்து தப்பினார்கள். அந்த ஏரி இருந்த இடம்தான் இப்போதைய பிரின்சஸ் ஸ்ட்ரீட் பூங்கா, உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நான் சுற்றிய இடம். பேராயர் பீட்டன் பக்கத்துத் தேவாலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தார். டக்ளஸ் ஆட்கள் வெளியே இழுத்து, அங்கியைக் கிழித்துக் கொல்லப் போனார்கள். குறுக்கே போய்த் தடுத்தவரும் கேவின் டக்ளஸ்தான். காலையில் தன்னிடம் பொய் சொன்ன மனிதரை அன்றைக்கே தன் சொந்த ஆட்களிடமிருந்து காப்பாற்றினார். காலையில் தோற்ற ரெடர் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்த இரண்டாவது தடவைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீ விலக்கப் போன இரண்டு பேரில் ஒருவன் கீழே விழுந்து கிடந்தான், அவன் தலையில் மற்றவன் மிதிக்கப் போனான், அதனால்தான் போனேன் என்று அடுத்த நாள் அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. நான் சொல்ல விடவில்லை. அந்த விழுந்தவன் இன்றைக்கு யார் வீட்டிலோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இதை நான் இரண்டு நாளாக நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்பேன், இதை நீ செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் எடின்பரோவில் டூல்யீயை விலக்குவது ஒரு ஆளின் வேலையாக இல்லை. ஊர்ப் பொதுமணியை அடிப்பார்கள். கடைக்காரர்கள் ஆயுதத்தைக் கடையிலேயே வைத்திருந்து, கலகம் என்றால் நகரத் தலைவருக்கும் பெய்லிகளுக்கும் துணையாக ஓடிவர வேண்டும் என்று நகர நிர்வாகம் கட்டளை போட்டிருந்தது. ஆயுதம் நமக்கு வேண்டாம். மணி வேண்டும். அன்றைக்கு ரயில் நிலைய வாசலில் இருபது பேர் நின்றார்கள் என்றாய், பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள் என்றாய். இனிமேல் இப்படி ஒன்று வந்தால் முதலில் குரல் கொடு. கூட்டத்தில் ஒருத்தரைக் கை காட்டி, "சிவப்புச் சட்டைக்காரரே, போலீசைக் கூப்பிடுங்கள்", "நீங்கள் ரெண்டு பேரும் என்னோடு வாங்க" என்று கேள். ஆளைக் குறித்துக் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், என் ஆஸ்பத்திரி வார்டில் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். கத்தி தெரிந்தால் கிட்டே போகவே போகாதே. இது அம்மா சத்தியமாகக் கேட்பது.

கீழ்வீட்டுப் பாட்டி தவறிப்போன பிறகு, அவர் மகள் எனக்கு ஒரு சின்னத் தகரப் பெட்டி கொடுத்தார். உள்ளே பொத்தான்கள், ஊசி, கூடவே ஒரு கொம்புச் சீப்பு. நெருக்கமான பல், ஓரத்தில் இரண்டு பல் உடைந்திருக்கிறது. நீ மண்ணில் புரண்டுவிட்டு வரும்போதெல்லாம் உன்னை மடியில் இருத்தி அதால்தான் வாருவார், நீ கத்துவாய். அதை உனக்கு அனுப்பலாம் என்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன்.

தையல் பிரிக்க வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள் அல்லவா, வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. பிரித்த பிறகு ஒரு படம் அனுப்பு. போன தடவை போல இருட்டில் எடுக்காமல், ஜன்னல் பக்கம் நின்று எடு.

அன்புடன்,
அம்மா