அடுப்படியில் இரவு தங்கும் கோழிக்குழம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட மாணவி ஒருவர் உயிரிழந்தபின், கேரளம் முழுவதும் உணவகங்களில் சோதனை நடந்தது. 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தடையும் வந்தது. இவை தேவையான நடவடிக்கைகளே. ஆனால், கடைக்காரரைக் குறைசொல்லும் நம்மில் பலர், ஞாயிறு மதியம் வைத்த கோழிக்குழம்பை இரவு முழுதும் அடுப்பின்மேல் மூடிவைத்து, மறுநாள் சுடவைத்து இட்லிக்கு ஊற்றிக்கொள்கிறோம்.

'நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும்' என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். கொதிநிலையில் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது உண்மைதான். எனினும், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் இரவில் பெருகும்போது விட்டுச்செல்லும் நஞ்சு, வீட்டில் கொதிக்கவிடுவதால் அழிவதில்லை. சமைத்த கோழியை 2 மணி நேரத்துக்குள்ளும், சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்குள்ளும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நம் பாலக்காட்டு எல்லைக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். சூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர், குழம்பை வாய் அகன்ற சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் சற்று நேரம் வைத்தால் சூடு தணிந்துவிடும். இப்படி வைத்ததை 3 அல்லது 4 நாட்களுக்குள், வேண்டிய அளவு மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சுடவைத்து உண்ணலாம்.

சமைக்காத பச்சைக் கோழிக்கறியில் ஆபத்து வேறு விதமானது. கடையில் தரும் கறுப்புப் பையை அப்படியே மேல்தட்டில் வைத்தால், கசியும் நீர் கீழிருக்கும் தயிரிலும் மல்லித்தழையிலும் சொட்டும். கறியாவது வேகப்போகிறது, மல்லித்தழையைப் பச்சையாகவே தூவுகிறோம். ஆகவே கறியை மூடியுள்ள பாத்திரத்தில், அடித்தட்டில் வைத்து, 2 நாட்களுக்குள் சமைத்துவிடுவது நல்லது. ஃப்ரீசர் கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்துமே தவிரக் கொல்லாது என்பதால், உறைந்த கறியைச் சமையல் மேடையில் போட்டுவைக்காமல், முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு மாற்ற வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவும்போது தெறிக்கும் நீரே கிருமிகளைப் பரப்பும். மஞ்சள் போட்டு அலசாமல் மனம் ஒப்பாது என்போர் (எங்கள் வீட்டிலும் உண்டு) பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

பொள்ளாச்சி சாலையில் கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை வரையில் தமிழ்க் குடும்பங்களே மிகுதி. இங்குள்ள கோழிக் கடைகளில், பச்சைக் கறியை வைக்கும் முறையையும் கால அளவையும் மலையாளத்தோடு தமிழிலும் எழுதித் தொங்கவிட உணவுப் பாதுகாப்புத் துறை ஆவன செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.