மலை ஆட்டுக்கும் தராசு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவ்வாது மலையில் ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீவனம், தடுப்பூசி, கொட்டகை எல்லாம் விளக்கமாக இருந்தது. வளர்த்த ஆடு என்ன விலைக்குப் போகிறது, அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இல்லை. நான் வியாசர்பாடியில் கறிக்கடை வைத்திருப்பவன். ஆடு அறுக்கும் இடமான புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் தினமும் ஆடு பார்ப்பவன். வளர்ப்பவர்களுக்குப் பணம் கைநழுவிப் போவது விற்கும் இடத்தில்தான்.

வியாபாரி வீட்டு வாசலுக்கே வருவார். ஆட்டின் முதுகில், வால் பக்கமாகக் கைவைத்து அழுத்திப் பார்ப்பார். வயது தெரிய, வாயைத் திறந்து பல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் மொத்தமாக ஒரு விலை சொல்வார். சந்தை என்றால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். வருஷம் முழுக்க ஆடு வாங்குகிறவருக்குக் கை வைத்தாலே எடை தெரியும். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஆடு விற்கிறவருக்கு அது எப்படி வரும்? அதுவும் பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரத்துக்கு விற்பவரால் பேரம் பேசவும் முடியாது.

20 கிலோ ஆட்டை அறுத்தால் 9 முதல் 10 கிலோ கறி நிற்கும். தலை, கால், குடல், தோல் தனி. உயிர் எடையை 3 கிலோ குறைத்து மதித்தால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ கறி போச்சு. இங்கே கறி கிலோ 900 ரூபாயைத் தாண்டி விற்கிறது. லாரி வாடகை, வழியில் ஆடு எடை இறங்குவது, கடைச் செலவு எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக விற்பவருக்குத் தன் ஆட்டின் எடையே தெரியாமல் இருக்க வேண்டுமா?

மாதவரம் பால் பண்ணைக்கு வரும் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சங்கத்தில் ஊற்றும்போதே அளந்து, கொழுப்புச் சத்து பார்த்து விலை போடுகிறார்கள். ஆட்டுக்கு மட்டும் ஏன் கண் மதிப்பு? மலையில் ஜமுனாமரத்தூர் போல நாலு ஊர் ஆட்கள் வந்துபோகும் இடத்தில் கூண்டு வைத்த தராசு ஒன்றைக் கால்நடைத் துறை வைக்கட்டும், மகளிர் குழு பார்த்துக்கொள்ளட்டும். ஒரு விஷயம்: காலையில் மேய விடுவதற்கு முன்பு, தண்ணீர் காட்டுவதற்கு முன்பு எடை போட வேண்டும். வயிறு நிரம்பிய ஆட்டைத் தராசில் ஏற்றினால் வியாபாரி நம்ப மாட்டார், அது நியாயம்தான்.

எந்த நேரத்தில் விற்பது என்பதும் முக்கியம். பக்ரீத்துக்கு ஒரு வயது முடிந்த, கொம்பு ஒடியாத, ஊனமில்லாத கிடாய்க்கு இங்கே நல்ல விலை கிடைக்கும். அந்தப் பண்டிகை வருஷா வருஷம் சுமார் 11 நாள் முன்னால் வரும். ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். ஆக, பெட்டையைக் கிடாயோடு எப்போது சேர்ப்பது என்று ஒன்றரை வருஷம் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். புரட்டாசியில் வட சென்னைக் கறிக்கடைகளில் வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதம் அவசரப் பணம் தேவைப்பட்டால் குழுவில் சின்னக் கடன் கிடைக்கட்டும், ஆட்டைத் தீபாவளிவரை வைத்திருக்கலாம். தடுப்பூசி போட மலைக்குப் போகிறவர்களே இதையும் சொல்லிவிட்டு வரலாம்.

ஆட்டுத்தொட்டிக்கு ஆந்திராவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் லாரி லாரியாக ஆடு இறங்குகிறது. பக்கத்து மலை ஆடு நேராக எடைக்கு வந்தால் வாங்க நாங்கள் தயார்.

உங்கள் நிருபர் மறுபடி அங்கே போனால், ஒரு குடும்பம் கடைசியாக விற்ற ஆட்டின் விலையையும் எடையையும் கேட்டு எழுதுங்கள். எடை தெரியாது என்று சொன்னால் அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
கறிக்கடைக்காரர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை - 39