பாட்டுக்கு முன்னால் வரும் இரைச்சல்

அனுப்புநர்:
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவர், சென்னை
(பெயர், முகவரி, பில் நகல் தனித்தாளில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மியூசிக் பிளேயரில் ஓயாத பின்னணி இரைச்சல் – சர்வீஸ் சென்டர் மூன்று முறை ‘குறை இல்லை’ என்று திருப்பித் தந்தது – மாற்றுக் கருவி அல்லது முழுப் பணம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் மியூசிக் பிளேயரையும் அதே பெட்டியில் வந்த இயர்போனையும் 18,500 ரூபாய் கொடுத்து வாங்கி நான்கு மாதம் ஆகிறது. அதில் மூன்று வாரம் உங்கள் சர்வீஸ் சென்டரின் அலமாரியில் போய்விட்டது.

இரைச்சல் எப்படிப்பட்டது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் கவுன்டரில் இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. இயர்போனைச் செருகி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பாட்டைப் போடுகிறேன். பாட்டு தொடங்குவதற்கு அரை விநாடி முன்பே, பற்றவைக்காமல் கேஸ் அடுப்பைத் திருகியதுபோல் ‘உஸ்’ என்று வந்துவிடுகிறது. வால்யூமை ஏற்றினாலும் இறக்கினாலும் அது அசைவதில்லை. பாட்டை நிறுத்தினால் ஐந்தாறு விநாடி தொடர்கிறது. பிறகு உள்ளே ‘டக்’ என்று ஒரு சிறு ஒலி, உடனே இரைச்சல் அறுந்துபோகிறது. அந்த ‘டக்’, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபையர் அணையும் சத்தம். ஆம்ப்ளிபையர் அடங்கியதும் இரைச்சலும் அடங்குகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று அறிய ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

முதல் முறை போனபோது படிவத்தில் என் முகவரியைப் பார்த்த இளைஞர், கடலோரக் காசிமேட்டுப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் ஜாக் (இயர்போனைச் செருகும் துளை) அரித்திருக்கும் என்றார். தம்பிக்கு ஒன்று தெரியாது. நான் வண்ணாரப்பேட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன். விசைப்படகிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்த டேப் ரெக்கார்டர்களைக் கணக்கில்லாமல் பிரித்திருக்கிறேன். திறந்தால் திருகாணிகளில் பச்சை பூத்திருக்கும். உப்பு ஏறிய ஜாக்கின் சத்தமே வேறு. பிளக்கைத் திருகினால் ‘கரகர’ என்னும், ஒரு பக்கம் அழுத்தினால் நின்றுவிடும், சில நேரம் ஒரு காது செத்துப்போகும். உங்கள் கருவியில் இருப்பது திருகினாலும் மாறாத, இரண்டு காதிலும் ஒரே அளவான இரைச்சல். என் ஜாக் இன்னும் பளபளவென்று இருக்கிறது. படம் இணைத்துள்ளேன்.

இரண்டாம் முறை வேறொருவர். எங்கள் வட்டாரத்தில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுவதால் வெளிச் சத்தம் காதில் கலக்கிறது என்றார். லாரி ஓடுவது உண்மைதான். துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் உறுமல் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். ஆனால் எந்த லாரியும் நான் பட்டனைத் தட்டும்வரை காத்திருந்து பிறகு கிளம்புவதில்லை. நான் பாட்டுக் கேட்பதும் இரவு ஒன்றரை மணிக்கு மேல்தான். போன மாதம் ஒரு நள்ளிரவில் மின்வெட்டு. தெருவில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பேட்டரியில் மட்டும் கேட்டேன். அந்த நிசப்தத்தில் உங்கள் இரைச்சல் இன்னும் துல்லியமாகக் கேட்டது. (சார்ஜரில் போட்டபடி கேட்டால் ‘ஙொய்’ என்று இன்னொரு சத்தமும் சேர்கிறது. அது சார்ஜர் வழியாக வருவது, அதைக் கழற்றிவிட்டால் போய்விடும். அதற்காக இந்தக் கடிதம் இல்லை.)

அதே நபர் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: உங்கள் பக்கத்தில் சத்தமாகத்தானே பாட்டுக் கேட்பார்கள், வால்யூமைக் கூட்டி வைத்தால் இரைச்சல் தெரியாது. இதற்குப் பதில் எழுதாமல் விடக்கூடாது. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யரின் மகன் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர். அந்தத் திருவொற்றியூர் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். கானா என்றால் வெறும் கூச்சல் என்று நினைப்பவர்கள் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடும் மரண கானாவைக் கேட்டதில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பாடுகிறவர் விடும் மூச்சில்தான் பாதித் துக்கம் இருக்கிறது. நான் கேட்பது பெரும்பாலும் வீணை. மீட்டிய தந்தி அதிர்ந்து அதிர்ந்து மெலிந்து போகும் கடைசி நொடிக்காகத்தான் நல்ல இயர்போன் வேண்டும் என்று தேடினேன். உங்கள் கருவியில் அந்த நொடி வருவதில்லை. நாதம் மெலிய மெலிய ‘உஸ்’ மேலேறி அதை விழுங்கிவிடுகிறது.

இரைச்சலே ஆகாது என்கிற ஆள் நான் இல்லை. கேசட் காலத்தில் டேப்பின் காந்தத் துகள் எழுப்பும் இரைச்சலோடுதான் வாழ்ந்தோம். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அழுத்தினால் ஏறக்குறைய 10 டெசிபெல் குறையும். டால்பியில் பதியாத கேசட்டுக்கு அதை அழுத்திவிட்டு, பாட்டு மங்கிவிட்டது என்று கடைக்கு வந்தவர்களும் உண்டு. அது நாடாவோடு பிறந்த குறை, யாரும் மறைக்கவில்லை. நீங்களோ பெட்டியின் மேல் தங்க எழுத்தில் ‘118 டெசிபெல், மாசற்ற அமைதி’ என்று அச்சிட்டு விற்றிருக்கிறீர்கள்.

மூன்றாம் முறை என் கண்ணெதிரிலேயே சோதித்தார்கள். ஏ.சி. ஓடும் ஹாலில், கடையில் தொங்கிய பெரிய ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு ‘குறை இல்லை’ என்று சீட்டில் எழுதினார்கள். அந்த ஹெட்போனின் பட்டையைப் படித்தேன்: மின்தடை 300 ஓம், ஒரு மில்லிவாட் மின்சக்திக்கு 97 டெசிபெல் ஒலி. நீங்கள் எனக்கு விற்ற இயர்போன் 16 ஓம், 112 டெசிபெல். ஒரே அளவு மின்னழுத்தத்துக்கு என்னுடையது கிட்டத்தட்ட 28 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். அதாவது இரைச்சல் கேட்கவே கேட்காத ஹெட்போனாகப் பார்த்து எடுத்து மாட்டிவிட்டு, கேட்கவில்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். என் இயர்போன் அந்த மேசை மேலேயே இருந்தது. அதே இயர்போனை என் மகளின் செல்போனில் போட்டால் துளி இரைச்சல் இல்லை என்று சொன்னேன். அதைக் காதில் வைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

இப்போது அந்த 118-க்கு வருகிறேன். கையேட்டின்படி உங்கள் பிளேயர் அதிகபட்சம் 2 வோல்ட் தரும். 118 என்பது அந்த முழு 2 வோல்ட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. இவ்வளவு கூர்மையான இயர்போனில் 2 வோல்ட் கொடுத்தால் காது போய்விடும். இரவில் எனக்கு 70 டெசிபெல் போதும். அதற்கு 1 மில்லிவோல்ட் போதும். வால்யூமைக் குறைத்தால் பாட்டு குறைகிறது, ஆம்ப்ளிபையரின் இரைச்சல் அப்படியே நிற்கிறது. 2 வோல்ட்டிலிருந்து 1 மில்லிவோல்ட்டுக்கு இறங்கினால் 118-இல் 66 டெசிபெல் போச்சு, மீதி 52. பெட்டியில் போட்ட எண் மெய்யென்றால், பாட்டின் 70-இல் இந்த 52 போக, இரைச்சல் என் காதில் 18 டெசிபெல்லுக்கு மேல் இருக்கக்கூடாது. அதை நள்ளிரவில்கூட என் வயதுக் காது பிடிக்காது. ஆனால் பக்கத்து அறையில் ஃபேன் ஓடுவதுபோல் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே ஒன்று, நீங்கள் அச்சிட்ட எண் இந்த இயர்போனைச் செருகும் துளைக்கு உரியதல்ல. அல்லது எனக்கு வந்த கருவி பழுது. எது என்று எழுத்தில் சொல்லுங்கள். மைக்ரோவோல்ட் அளக்கும் மீட்டர் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கும். சோதனைத் தாளை அனுப்புங்கள்.

கெயினை, அதாவது ஆம்ப்ளிபையர் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துப் பாருங்கள் என்பீர்கள். பார்த்தாயிற்று, கொஞ்சம் தணிகிறது, போகவில்லை. இயர்போனுக்கு முன்னால் ஒரு மின்தடையைச் சேர்க்கும்படி உங்கள் ஆளே ஒரு யோசனை சொன்னார். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் 75 ஓம் மின்தடை வாங்கி வந்து நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இரைச்சல் அடங்கியது. கூடவே வீணையின் மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்வரங்கள்) வீங்கி, மேல் ஸ்வரங்கள் போர்வைக்குள் போய்விட்டன. இந்த இயர்போனுக்குள் பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) இருப்பதால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் அதன் ஓம் மாறுகிறது. நடுவில் மின்தடை வைத்தால் ஒலியின் குணமே மாறும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

என் கோரிக்கை இதுதான். இதே இயர்போனில் இரைச்சல் கேட்காத பிளேயர் ஒன்றை, என் முன்னால், ஏ.சி. அணைத்த அறையில், இந்த இயர்போனிலேயே சோதித்துத் தாருங்கள். அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் 18,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கடிதம் கிடைத்து பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் முறை கருவியைத் திருப்பித் தந்தபோது இயர்போனின் வலது காது ரப்பரைக் காணவில்லை. நடுத்தர அளவு. அதையும் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மூன்று சர்வீஸ் சீட்டுகள், ஜாக்கின் படம்.